சட்டமும் கூட்டமும்

ஒரு விளையாட்டைப் பார்க்க வருகிற ஜனங்களின் தொகை குறைந்துவிட்டால், அதை நடத்துகிறவர்களுக்கு முதலில் தோன்றுகிற யோசனை சட்டத்தை மாற்றலாம் என்பதுதான். நல்ல ஆட்டக்காரனை உண்டாக்குவது கஷ்டம். மைதானத்தை இடித்துக் கட்டப் பணம் வேண்டும். ரஸிகனை மாற்றுவதோ நடக்காத காரியம். சட்டம் ஒன்றுதான் காகிதத்தில் இருக்கிறது. நாலு பேர் உட்கார்ந்து ஒரு பிற்பகலில் திருத்திவிடலாம். இப்படித் திருத்தினால் கூட்டம் வருமா, வந்த கூட்டம் நிற்குமா என்று ஆராய விரும்புகிறவர்களுக்கு அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத்தைப் போல் வசதியான உதாரணம் கிடைப்பது அரிது. முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக அங்கே சட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கூட்டமும் வந்திருக்கிறது, போயிருக்கிறது.

நாவல் எழுதுகிறவனுக்கு மோட்டார்ப் பந்தயத்தில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். அந்தப் பந்தயங்களை நான் திரையில் பார்த்து ரஸித்தவன் என்பது ஒரு பதில். இன்னொரு பதிலும் உண்டு. கூட்டத்துக்காகத் தொழிலின் விதியை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்ற கேள்வி, பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவனையும் விடாமல் துரத்துகிற கேள்வி. அவன் வீட்டு விஷயத்தை அயல் வீட்டில் வைத்துப் பார்த்தால் சற்றுத் தெளிவாகத் தெரியும்.

ஸ்டாக் கார் என்றால் கடையில் சரக்காக நிற்கிற கார். பந்தயத்துக்கென்று தனியாகச் செய்த வண்டி அல்ல. உங்களைப் போன்ற, என்னைப் போன்ற ஒருவர் பணம் கொடுத்து வாங்கி ஓட்டிக்கொண்டு போகக் கூடிய வண்டி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கள்ளச் சாராயம் கடத்தியவர்கள், போலீஸ்காரர்களிடமிருந்து தப்புவதற்காகச் சாதாரணக் கார்களின் எஞ்சினை முடுக்கி ஓட்டிப் பழகினார்கள். அவர்களில் யார் கெட்டிக்காரன் என்ற போட்டியும் இந்தப் பந்தயத்துக்கு ஒரு வேர். பில் பிரான்ஸ் என்பவர் 1947 டிசம்பரில் டேடோனா பீச் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பந்தயக்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசி, மறு வருஷம் நாஸ்கார் என்ற சங்கத்தைப் பதிவு செய்தார். சங்கம் பிறந்ததே சட்டத்துக்காகத்தான். அதற்கு முன் ஊருக்கு ஒரு சட்டம் இருந்தது. பரிசுப் பணத்தோடு ஓடிப்போகிற நிர்வாகிகளும் இருந்தார்கள்.

1949 ஜூன் 19-ஆம் தேதி ஷார்லட் நகரத்தில் முதல் பந்தயம் நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டன்னவே. இரண்டாவதாக வந்தவரைவிட மூன்று சுற்று முந்தி வந்தார். பந்தயம் முடிந்ததும் அதிகாரிகள் அவருடைய போர்டு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார்கள். பின்பக்க ஸ்பிரிங்கைச் சாராயக் கடத்தல்காரர்கள் செய்வதுபோல் மாற்றியிருந்தது தெரிந்தது. கடையில் நிற்கிற கார் அப்படி இராது. எனவே வெற்றி இல்லை என்று சொல்லி, லிங்கன் கார் ஓட்டிவந்த ஜிம் ரோப்பருக்குப் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். டன்னவேயின் கார்ச் சொந்தக்காரர் நீதிமன்றத்துக்குப் போனார், வழக்கு தள்ளுபடியாயிற்று. கண்ணெதிரே ஜெயித்தவனுக்குப் பரிசு இல்லை என்றால் ஜனங்கள் கோபித்துக்கொண்டு வராமல் இருந்திருக்க வேண்டும் அல்லவா? வந்தார்கள். அடுத்த வருஷமே டார்லிங்டனில் 500 மைல் பந்தயம் வைக்கிற அளவுக்குத் தொழில் வளர்ந்தது. சட்டம் கடுமையாக இருந்தது வாஸ்தவம். ஆனால் அது பந்தயத்துக்கு முன்பே எழுதியிருந்த சட்டம். எல்லாருக்கும் ஒரே சட்டம். ரஸிகன் இதை எளிதில் மன்னித்துவிடுகிறான்.

மன்னிக்காத சந்தர்ப்பமும் ஒன்று வந்தது. 1964-ல் கிரைஸ்லர் கம்பெனி ஹெமி என்ற எஞ்சினோடு வந்து மற்றவர்களைத் திணற அடித்தது. அந்த எஞ்சினோடு ரிச்சர்ட் பெட்டி வருஷப் பட்டத்தை ஜெயித்தார். 1965-க்கு அந்த எஞ்சின் கூடாது என்று பிரான்ஸ் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கிரைஸ்லர் கம்பெனி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெட்டி வேறுவகைப் பந்தயத்துக்குப் போய்விட்டார். மீதியிருந்த போர்டு கார்கள் வாரா வாரம் ஜெயித்தன. எதிரி இல்லாத வெற்றியைப் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்? ஆசனங்கள் காலியாயின. பந்தயத் தளக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். தொழிலாளர் சங்கம் வைக்க முயன்றதற்காக 1961-ல் ஆயுட்காலத்துக்கும் விலக்கிவைத்த கர்ட்டிஸ் டர்னரை, கூட்டம் வரவேண்டும் என்பதற்காக 1965-ல் பிரான்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டார்! ஆயுள் நாலு வருஷத்தில் முடிந்துவிட்டது. ஹெமி சட்டமும் வருஷ நடுவிலேயே தளர்ந்தது. அடுத்த வருஷம் போர்டு கம்பெனியின் முறை. அது கோபித்துக்கொண்டு வெளியேறியது. அதைச் சமாதானப்படுத்துகிற சமயத்தில், 1966 ஆகஸ்டில், ஜூனியர் ஜான்சன் கொண்டுவந்த மஞ்சள் நிறப் போர்டு ஒன்று அட்லாண்டாவில் சோதனையில் தேறிற்று. அதன் கூரை தாழ்ந்து, மூக்குக் கீழே வளைந்து, வால் மேலே தூக்கி நின்றதைப் பார்த்து ‘மஞ்சள் வாழைப்பழம்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த மாதிரிக் கார் எந்தக் கடையிலும் நின்றதில்லை என்பது குழந்தைக்கும் தெரியும்.

ஆகவே, கூட்டத்துக்காகச் சட்டத்தை வளைப்பது நேற்று வந்த வழக்கம் அல்ல. பிரான்ஸ் தர்மராஜா அல்ல, வியாபாரி. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1965-ல் போன கூட்டம், பெட்டி திரும்பியதும் திரும்பிவிட்டது. ஏன்? பந்தயத்துக்குள் யார் வரலாம், எந்த எஞ்சினோடு வரலாம் என்பதில்தான் பிரான்ஸ் கை வைத்தார். முதலில் வந்தவன் முதல்வன், வருஷம் முழுவதும் நன்றாக ஓட்டியவன் பட்டக்காரன் என்ற கணக்கை அவர் தொடவில்லை. வாசலில் வஞ்சனை இருந்தது, உள்ளே இல்லை. ரஸிகனின் கோபம் ஆளைப் பற்றியது. ஆட்டத்தின் மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கை அப்படியே இருந்தது.

நான் சட்டங்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறேன். எப்படி ஓடவேண்டும் என்று சொல்கிற சட்டம் ஒரு வகை. ஓடியதற்கு என்ன மதிப்பு என்று சொல்கிற சட்டம் இன்னொரு வகை. முதல் வகையில் தவறு செய்தால் கூட்டம் சண்டை போடும். இரண்டாவது வகையைக் கூட்டத்தைக் குஷிப்படுத்துவதற்காகவே மாற்றினால், கூட்டம் சண்டை போடாது. கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போய்விடும்.

1975-லிருந்து 2003 வரை ஒரே புள்ளிக் கணக்கு இருந்தது. அதைப் போல் சுவையற்ற கணக்கு கிடையாது. முதலில் வந்தவனுக்கு 175 புள்ளி. இரண்டாவதாக வந்தவனுக்கு 170. ஒரு சுற்றாவது முன்னணியில் போனவனுக்கு 5 புள்ளி, அதிகச் சுற்று முன்னணியில் போனவனுக்கு இன்னொரு 5. இதனால் இரண்டாவதாக வந்தவன் சில சமயம் ஜெயித்தவனுக்குச் சமமாகவே புள்ளி வாங்கிவிடுவான். விழாமல், உடையாமல், பொறுமையாக ஓட்டுகிறவனுக்குச் சாதகமான கணக்கு. பட்டம் யாருக்கு என்பது பல வருஷங்களில் கடைசிப் பந்தயத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். கூட்டத்தின் சுவை அறிந்தவர்கள் யாரும் இப்படி ஒரு கணக்கை எழுதமாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தென் மாநிலத்து விளையாட்டாக இருந்தது அமெரிக்கா முழுவதற்கும் சொந்தமான விளையாட்டாக வளர்ந்தது இந்தக் கணக்கின் கீழேதான். 1979-ல் டேடோனா 500 பந்தயத்தை முதல் முறையாக ஆரம்பத்திலிருந்து முடிவு வரை தொலைக்காட்சியில் நேராகக் காட்டினார்கள். கிழக்கு மாநிலங்களில் பனி கொட்டி ஜனங்கள் வீட்டில் அடைந்து கிடந்த நாள் அது. கடைசிச் சுற்றில் முன்னால் போன இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துச் சுவரில் மோதி, இறங்கிக் கைகலந்தார்கள். பின்னால் வந்த பெட்டி ஜெயித்தார். எந்தச் சட்டமும் அந்தச் சண்டையை ஏற்பாடு செய்யவில்லை.

1992 நவம்பரில் அட்லாண்டாவில் நடந்த கடைசிப் பந்தயத்தை இன்னும் விசேஷமாகச் சொல்லவேண்டும். பட்டத்துக்கு வாய்ப்புள்ளவர்களாக ஆறு பேர் வந்தார்கள். புள்ளியில் முன்னால் இருந்த டேவி அலிசன் வேறொருவர் விபத்தில் சிக்கி வீழ்ந்தார். மிஞ்சியது பில் எலியட்டும் ஆலன் குல்விக்கியும். குல்விக்கி எஞ்சினீயரிங் படித்தவர். பெரிய முதலாளிகளிடம் போகாமல் சொந்தமாகக் குழு வைத்துக்கொண்டு ஓட்டியவர். பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் எலியட். ஆனால் குல்விக்கி 103 சுற்று முன்னணியில் இருந்திருந்தார், எலியட் 102. அந்த ஒரு சுற்றினால் வந்த 5 புள்ளி குல்விக்கிக்குப் போயிற்று. பட்டத்தை அவர் 10 புள்ளியில் ஜெயித்தார். அந்த 5 புள்ளி இடம் மாறியிருந்தால் இருவரும் சமமாகி, அதிகப் பந்தயங்கள் ஜெயித்த எலியட்டுக்குப் பட்டம் போயிருக்கும். மறு வருஷம் ஏப்ரல் முதல் தேதி குல்விக்கி விமான விபத்தில் இறந்துபோனார். இன்றைக்கும் அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குரல் தாழ்த்திப் பேசுகிறார்கள். அந்தச் சுவையற்ற கணக்கு எத்தனையோ வருஷம் சும்மா இருந்து, ஒரு நாள் இப்படி ஒரு முடிவைக் கொடுத்தது. வருஷா வருஷம் கொடுக்காததனால்தான் அந்த முடிவுக்கு அவ்வளவு மதிப்பு.

இன்னொரு சட்டத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1987-ல் டல்லடேகாவில் பில் எலியட் மணிக்கு 212 மைலுக்கு மேல் ஓட்டித் தகுதி பெற்றார். அந்தப் பந்தயத்தில் பாபி அலிசனின் டயர் வெடித்து, கார் பறந்து பார்வையாளர் பக்கத்து வேலியைக் கிழித்தது. சிலர் காயமடைந்தார்கள். 1988-லிருந்து டேடோனாவிலும் டல்லடேகாவிலும் கார்பரேட்டருக்கு அடியில் துளை போட்ட தகடு ஒன்றை வைத்து, எஞ்சினுக்குப் போகிற காற்றைக் குறைத்தார்கள். வேகம் குறைந்தது. எல்லாக் காரும் ஒரே வேகம் ஆகிவிட்டதால், முப்பது நாற்பது கார்கள் ஒட்டிக்கொண்டு கும்பலாக ஓட ஆரம்பித்தன. ஒருவன் தவறினால் இருபது பேர் மோதிக்கொண்டார்கள். ஓட்டுகிறவர்களில் பலர் அந்தத் தகட்டைச் சபித்தார்கள். ஜனங்களோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். உயிரைக் காப்பதற்குச் செய்த சட்டம், யாரும் நினைக்காத ஒரு காட்சியைத் தந்துவிட்டது. காட்சிக்காகச் செய்த சட்டமாக இருந்திருந்தால் ஜனங்கள் இதைப் பொறுத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இனி 2003-க்கு வருவோம். அந்த வருஷம் மாட் கென்செத் ஒரே ஒரு பந்தயத்தில் ஜெயித்துப் பட்டம் பெற்றார். எட்டுப் பந்தயங்களில் ஜெயித்த ரையன் நியூமனுக்கு ஆறாவது இடம். ரஸிகர்கள் முணுமுணுத்தார்கள், அந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தது. வெற்றிக்குப் புள்ளியைக் கூட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். நிர்வாகிகள் அதோடு நிற்கவில்லை. 2004-லிருந்து, முதல் 26 பந்தயங்களின் கணக்கைக் கொண்டு பத்துப் பேரைப் பொறுக்கி, அவர்களுடைய புள்ளிகளை நெருக்கி வைத்து, கடைசிப் பத்துப் பந்தயங்களில் பட்டத்தைத் தீர்மானிக்கச் செய்தார்கள். முதல் வருஷம் முடிவு பிரமாதமாகத்தான் இருந்தது. கடைசிப் பந்தயத்தில் சக்கரம் கழன்று ஓடியும் கர்ட் புஷ் 8 புள்ளியில் தப்பித்து ஜெயித்தார். பழைய கணக்குப்படி அந்தப் பட்டம் ஜெப் கார்டனுக்குப் போயிருக்கும். இதை ரஸிகர்கள் வீட்டிலே உட்கார்ந்து கூட்டிப் பார்த்துக் கொண்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது வியாதி. ஒவ்வொரு பட்டத்துக்கும் பக்கத்தில் இன்னொரு பட்டக்காரனின் நிழல் விழ ஆரம்பித்தது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். பத்து பேர் 2007-ல் பன்னிரண்டு பேர் ஆனார்கள். 2011-ல் புள்ளி முறை முழுவதும் மாறிற்று. 2013-ல் ரிச்மண்டில், தன் ஆளுக்கு அந்தப் பன்னிரண்டில் இடம் கிடைப்பதற்காகப் பந்தய முடிவைப் புரட்டப் பார்த்ததாக ஒரு குழுவுக்கு 3 லட்சம் டாலர் அபராதம் போட்டு, பன்னிரண்டு பேருக்கான வரிசையில் பதின்மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 2014-ல் பதினாறு பேர் என்றும், அவர்களைப் படிப்படியாகக் கழித்து நாலு பேரைக் கடைசிப் பந்தயத்தில் மோதவிடுவது என்றும் ஆயிற்று. அந்த வருஷமே ஒரு பந்தயத்திலும் ஜெயிக்காத ரையன் நியூமன் கடைசி நாலு பேரில் ஒருவராகி, பட்டத்துக்கு ஒரே ஒரு இடம் பின்னால் முடித்தார். ஒரு வெற்றிக்காரன் பட்டம் பெற்றதைச் சகிக்காமல் செய்த திருத்தம், வெற்றியே இல்லாதவனைப் பட்டத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்திற்று! 2017-ல் பந்தயத்தையே மூன்று கட்டமாக அறுத்து, கட்டத்துக்குக் கட்டம் புள்ளி கொடுத்தார்கள். 2020-ல் ஒன்பது பந்தயங்களில் ஜெயித்த கெவின் ஹார்விக் கடைசி நாலு பேரில் இடம் பெறவில்லை. 2025 நவம்பரில் பீனிக்ஸில் டென்னி ஹாம்லின் இருநூறு சுற்றுக்கு மேல் முன்னணியில் ஓட்டினார். இருபது வருஷமாகக் கிடைக்காத பட்டம் மூன்று சுற்றுத் தூரத்தில் இருந்தது. வேறொரு காரின் டயர் போய், மஞ்சள் கொடி விழுந்தது. அவர் நாலு டயரையும் மாற்றினார். கைல் லார்சன் இரண்டை மட்டும் மாற்றி முன்னால் போனார். அன்றைக்கு ஒரு சுற்றுக்கூட முன்னணியில் ஓடாத லார்சன் சாம்பியன் ஆனார். அவர் சட்டப்படி ஜெயித்தார். அவர்மேல் குற்றம் இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஹாம்லினுக்காக வருந்தியதைவிடச் சட்டத்தைத்தான் அதிகம் பேசினார்கள். ஒரு துயரக் கதையைப் படித்துவிட்டுக் கதாநாயகனை மறந்து அச்சுப் பிழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

கூட்டம் என்ன ஆயிற்று? 2006-ல் டேடோனா 500 பந்தயத்தைத் தொலைக்காட்சியில் ஒரு கோடியே 90 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். 2025-ல் அது 70 லட்சத்துக்கும் குறைவு. டேடோனாவிலேயே ஒன்றரை லட்சத்தை நெருங்கியிருந்த ஆசனங்களை 2016-ல் முடிந்த திருப்பணியில் சுமார் ஒரு லட்சமாகக் குறைத்துவிட்டார்கள்.

பழியை முழுவதும் சட்டத்தின் தலையில் போடுவது நியாயமாகாது. 2008-ல் வந்த பணமுடையில், நூற்றுக்கணக்கான மைல் காரில் வந்து தங்கிப் பார்க்கிற ரஸிகன்தான் முதலில் அடிபட்டான். வீட்டிலும் கையிலும் பொழுதுபோக்குகள் பெருகிவிட்டன. 2001-ல் டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட் கடைசிச் சுற்றில் மோதி இறந்ததும் பலருக்கு ஓர் அத்தியாயம் முடிந்துபோயிற்று. அந்த மரணத்துக்குப் பிறகு கழுத்தைக் காக்கும் சாதனத்தைக் கட்டாயமாக்கினார்கள். 2007-ல் எல்லாருக்கும் ஒரே மாதிரி உடல் கொண்ட, பத்திரமான காரைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கார் அழகாக இல்லை. செவர்லே எது, போர்டு எது என்று பெயர் ஒட்டைப் படித்தால்தான் தெரிந்தது. ரஸிகர்கள் திட்டினார்கள். 2013-ல் கம்பெனி அடையாளங்களைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் 2001-க்குப் பிறகு, 2025 முடிய, அந்த முதல் தரப் பந்தயங்களில் ஓட்டுநர் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. இதற்காகக் கூட்டத்தில் பாதியை இழந்திருந்தாலும் சரிதான் என்பேன். இது முதல் வகைச் சட்டம். இதற்குக் காரணம் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லலாம்.

இரண்டாவது வகைக்குக் காரணம் கேட்டால் என்ன சொல்வார்கள்? கால்பந்திலும் பேஸ்பாலிலும் கடைசியில் ஒரே ஆட்டத் தொடரில் பட்டம் தீர்கிறதே, இங்கே மட்டும் ஏன் கூடாது என்று கேட்டார்கள். அங்கே இரண்டு குழுக்கள்தான் களத்தில் இருக்கும். தோற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே பட்டத்துக்கு நாலு பேர் ஓடியபோது, பட்டத்தோடு சம்பந்தமில்லாத முப்பத்து சொச்சம் பேரும் அதே தளத்தில் அதே வேகத்தில் ஓடினார்கள். கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்கு இடைஞ்சல் இல்லாமல் நிற்கவேண்டிய விருந்தாளிகள் மாதிரி இருந்தது அவர்கள் நிலை. அயல் வீட்டுச் சட்டையை அளவு பாராமல் தைத்துப் போட்டுக்கொண்டதன் பலன்.

தொடர்கதைக்காரனுக்கு இது புதிய பாடம் அல்ல. வாரா வாரம் கதாநாயகியை ஆபத்தில் நிறுத்தி ‘தொடரும்’ போட்டால், முதல் மூன்று வாரம் வாசகன் அவளுக்காகப் பதறுவான். பத்தாவது வாரம் அவன் அவளைப் பார்ப்பதில்லை. ஆசிரியனின் கையைப் பார்க்கிறான். இவர் இப்போது எந்தக் கயிற்றை இழுக்கப்போகிறார் என்று யோசிக்கிறான். பதற்றம் போய்ச் சாமர்த்தியத்தை ரஸிக்கிற நிலை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அலுப்பு. வாசகன் கேட்டதைத்தானே கொடுத்தோம் என்று ஆசிரியன் அங்கலாய்க்கலாம். வாசகன் முடிவை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதுவான். அது அவன் உரிமை, அவன் அன்பு. ஆனால் எழுதினால் மாற்றிவிடுவார்கள் என்று தெரிந்த கதையை அவன் நம்பிப் படிப்பதில்லை. பந்தய ரஸிகனும் அப்படித்தான். கென்செத் பட்டம் பெற்றதைத் திட்டியது அவன் பிரியம். அந்தத் திட்டைக் கேட்டுக் கணக்கையே மாற்றியதும், தன் வாய்ச் சொல்லுக்கு வளைகிற பட்டத்தில் அவனுக்கு மதிப்புப் போய்விட்டது.

2026 பருவத்துக்கு, ஒரே பந்தயத்தில் பட்டத்தைத் தீர்க்கிற ஏற்பாட்டைக் கைவிட்டு, ஆட்களைக் கழிக்காமல் கடைசிப் பத்துப் பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டுகிற முறைக்குத் திரும்புவதாக அறிவித்தார்கள். இருபது வருஷத்துக்கு முன் எந்தப் படியிலிருந்து வழுக்கினார்களோ, கிட்டத்தட்ட அந்தப் படிக்கு ஏறியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இதையும் ரஸிகர்கள் கேட்டதனால் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறபோது எனக்குச் சற்றுப் பயமாக இருக்கிறது. அடுத்த வருஷம் அவர்கள் வேறொன்றைக் கேட்டால்?

பழைய கணக்குக்கு இருந்த பெருமை அதன் நேர்த்தியில் இல்லை. இருபத்தொன்பது வருஷம் ஒருவரும் அதன்மேல் கை வைக்காததில் இருந்தது. தகப்பனும் மகனும் ஒரே கணக்கைக் கொண்டு இரண்டு தலைமுறைப் பந்தயக்காரர்களை ஒப்பிட்டுச் சண்டை போட முடிந்தது. புதிய சட்டம் நல்லதோ, கெட்டதோ, பத்து வருஷம் அதைத் தொடாமல் வைத்திருந்து பார்க்கட்டும். நடுவில் நாலைந்து வருஷம் பட்டம் முன்கூட்டியே தீர்ந்து, கடைசிப் பந்தயம் சப்பென்று போகலாம். போகட்டும். அந்தச் சப்பென்ற வருஷங்களைத் தாங்கிக்கொள்கிற தைரியம் நடத்துகிறவர்களுக்கு வந்தால், கூட்டம் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் கிடைக்கும்.